தட்டுக்கு அடியில் சீமைத் தபால்

அக்கா இன்னொருவருக்கு வந்த கடிதத்தைப் பிரிக்க மாட்டாள். இதில் என்ன அதிசயம் என்று இன்றைக்குக் கேட்பார்கள். அந்தக் காலத்துக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அது அதிசயம்தான். ஊரிலிருந்து ஒருவனுக்குக் கடிதம் வந்தால் அது அந்த வரிசை வீடுகள் முழுவதற்கும் வந்த மாதிரி. யார் கையில் முதலில் கிடைக்கிறதோ அவர் பிரிப்பார். எழுத்துத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார். கடிதத்துக்கு உரியவன் வேலை முடிந்து வருவதற்குள் அவன் தங்கை பெரியவளான விஷயம் ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கும். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

அக்காவின் சாப்பாட்டு வீட்டில் மட்டும் அது நடக்காது. ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட பலகை வீடு. அதில் நாங்கள் ஏழு பேர் சாப்பிட்டோம், ஏழு பேரும் கிளார்க்குகள். ஏழு எனாமல் தட்டு, நீல விளிம்பு போட்டது, முதுகில் ஆணியால் கீறிய அடையாளம். கழுவி அடுப்படி அலமாரியில் கவிழ்த்து வைத்திருப்பாள். தபால் வந்தால் அவனவன் தட்டுக்கு அடியில் வைத்துவிடுவாள், அதுவும் விலாசம் கீழே பார்க்க. மாலையில் வந்து தட்டை எடுத்தால் கடிதம் இருக்கும். யார் எழுதினார், என்ன சேதி, ஒரு கேள்வி கிடையாது. நாமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வாள். சொல்லாவிட்டால் ரசம் ஊற்றிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவாள்.

குள்ளமான உருவம். வலது கண்ணுக்குக் கீழே எண்ணெய் தெறித்த தழும்பு. புருஷன் ரயில் எஞ்சினில் கரி தள்ளும் வேலையில் இருந்து காய்ச்சலில் போனவர். குழந்தை இல்லை. தமிழ் வாசிப்பாள். இங்கிலீஷில் எங்கள் ஏழு பேருடைய பெயரை மட்டும் அடையாளம் கண்டுகொள்ளப் பழகியிருந்தாள். எட்டாவதாக அவள் தம்பியின் பெயரும் தெரியும், அவனுக்கும் அந்த அலமாரியில் ஒரு தட்டு இருந்தது.

ஒரு தடவை எங்களில் ஒருவர் ஆபீஸ் வேலையாகக் கிள்ளானுக்குப் போயிருந்த நேரத்தில் அவருக்குத் தந்தி வந்தது. தந்தி என்றால் அப்போதெல்லாம் சாவுதான். பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கூடிவிட்டார்கள். பிரிச்சுப் பாரு, பிரிச்சுப் பாரு என்று ஒரே பிடுங்கல். அக்கா பாதி வடித்த சோற்றை அப்படியே இறக்கி வைத்தாள். தந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். கிள்ளானுக்கு ரயில் பிடித்து, கூட்ஸ் ஷெட்டில் அந்த மனுஷனைத் தேடிக் கையில் கொடுத்துவிட்டு மாலை ரயிலில் திரும்பினாள். அவருக்கு ஊரில் ஆண் குழந்தை பிறந்திருந்தது.

நாங்கள் ஆறு பேரும் மத்தியானம் பட்டினி. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நின்றது.

"இங்கயே பிரிச்சுப் பாத்திருந்தா எங்க வயிறு காஞ்சிருக்காதே அக்கா," என்றேன்.

"அவன் புள்ள பொறந்தத நீங்க ஆறு பேரும் மொதல்ல தெரிஞ்சிக்கிட்டு, அவன் ஏழாவதா தெரிஞ்சிக்கணுமா? நல்லா இருக்கே," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும் ஒரு நாள் சொன்னாள். புடலங்காய் அரிந்துகொண்டிருந்தாள், நான் எதிரே சும்மா உட்கார்ந்திருந்தேன். கல்யாணமான புதிதில் ஈப்போவிலிருந்து அவள் அப்பா கடிதம் போட்டிருக்கிறார், உடம்பு முடியவில்லை, ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போ என்று. மாமியார் அதை வாங்கிப் பிரித்து, யாரையோ விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டு, மருமகள் கிளம்பிவிடுவாள் என்று கூரை இடுக்கில் செருகிவிட்டாள். அக்கா கையில் அது கிடைத்தபோது அப்பாவுக்குக் காரியம் முடிந்து பல நாள் ஆகியிருந்தது.

"மேல என் பேரு எழுதியிருந்துச்சு தம்பி. என் பேரு," என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி என்னிடம் ஒருபோதும் பேசியதில்லை.

அப்பா போனபின் தம்பியைத் தன்னோடு கூட்டிவந்து வளர்த்தாள். அவனைச் சின்னவன் என்பாள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். சின்னவனும் நானும் ஒரே பள்ளிக்கூடம். சீமையிலிருந்து தாள் வரும் அந்தப் பெரிய பரீட்சையை ஒரே வருஷம் தேறினோம். நான் சர்வே ஆபீஸில் வரைபடம் நகலெடுக்கும் வேலையில் சேர்ந்தேன். அவன் எந்த வேலையிலும் சேரவில்லை. அவன் கண் முழுக்க இங்கிலாந்தில் இருந்த ஒரு பழைய கல்லூரியின் மேல். உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் ஆட்கள் அதற்கு மனுப்போடுவார்கள், எடுப்பது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய பேரை. கிள்ளானில் தென்னந்தோப்பு வைத்திருந்த அவன் பெரியப்பா செலவுக்கு நான் பொறுப்பு என்று சொல்லியிருந்தார். அவன் மனுப்போட்டான். அவன் போடுகிறானே என்று நானும் போட்டேன். என் மாமா ஒருவர் உதவுவதாக அரைகுறையாகத் தலையாட்டியிருந்தார்.

பிறகு காத்திருந்தோம். அதை எப்படிச் சொல்வது? வாரம் ஒரு தடவை சீமைத் தபால் பினாங்கில் இறங்கி ரயிலில் கோலாலம்பூர் வரும். அன்றைக்கு எனக்கு ஆபீஸில் கை ஓடாது, கோடு கோணலாகும். சின்னவன் தபால் நாளில் சவரம் செய்ய மாட்டான், முட்டை சாப்பிட மாட்டான், அக்கா முகத்தில் விழிக்க மாட்டான். தபால்காரர் ஒரு வயசான மலாய்க்காரர். அவர் சைக்கிள் திரும்பும்போதே இவன் தெருவில் நிற்பான். "பெலும்" என்பார் அவர், இன்னும் வரவில்லை என்று. அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு இருவரும் இன்னொரு வாரம் ஓட்டுவோம்.

எங்களுக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. என் ஆபீஸில் யாழ்ப்பாணத்துப் பெரிய கிளார்க் ஒருவர். அவர் மகன் சீமையில் படித்தவன். அவர் ஒரு நாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி எனக்கு உபதேசம் செய்தார். "கவர் தடிப்பா வந்தா இடம் கிடைச்சிட்டுது. அறை விவரம், உடுப்பு லிஸ்ட், விதிமுறை எல்லாம் உள்ளுக்கை இருக்கும். ஒரு தாள் மட்டும் வந்தா இல்லையெண்டு அர்த்தம். பிரிச்சுப் பாக்கவே தேவையில்லை." இதை நான் சின்னவனிடம் சொன்னேன், அவன் நாலு பேரிடம் சொன்னான். அந்த வருஷம் சீமைக்கு மனுப்போட்ட எல்லாப் பையன்களுக்கும் அது வேதமாகிவிட்டது. தடித்த உறை கனவில் வந்தது என்று ஒருவன் கோயிலில் தேங்காய்கூட உடைத்தான்.

அக்கா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் என்னாச்சு, ஏதாச்சும் தெரிஞ்சுதா என்று எங்களைத் துளைத்தெடுத்தபோது அவள் சோறு போட்டாள். அதற்காக அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்.

ஆகஸ்ட் கடைசி வந்தும் பதில் இல்லை. படிப்பு தொடங்குவது அக்டோபரில். கப்பலில் ஒரு மாதம் போகவேண்டும். பதில் வரட்டும் என்று இருந்தால் ஒரு வருஷம் போச்சு. துணிந்தவர்கள் முதலில் கப்பலேறிவிடுவார்கள், பதில் அங்கே போய்த் தெரியட்டும் என்று. சின்னவன் துணிந்தான். நான் துணியவில்லை. போர்ட் சுவெட்டன்ஹாமில் அவனைக் கப்பலேற்றினோம். பரீட்சைச் சர்டிபிகேட்டைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் அக்காவே வைத்தாள். அழவில்லை. "சாப்புட்டுட்டுப் படி" என்று மட்டும் சொன்னாள்.

அவன் போன மூன்றாம் நாள் சாயங்காலம் என் தட்டை எடுத்தேன். அடியில் சீமை உறை. மெல்லியது. பிரித்தேன். ஒரு தாள். வருந்துகிறோம் என்று தொடங்கி ஐந்து வரி.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். அலமாரியில் சின்னவனின் தட்டும் கவிழ்ந்திருந்தது. அவன் போன பின்னும் அவள் அதைத் தினமும் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். அதைத் தூக்கினேன். அதே நிற உறை, அதே கல்லூரி முத்திரை. அதே மெல்லிசு.

"அக்கா, இத பிரிச்சுரலாம்," என்றேன்.

"அவன் பேரு போட்டிருக்கு."

"என்னுது மாதிரியேதான் இருக்கு. இடம் இல்லன்னுதான் எழுதியிருப்பான். அவன் அங்க போயி குளுர்ல, ஊரு தெரியாம, காலேஜு வாசல்ல நின்னு அவமானப்படணுமா? கப்பல் இன்னும் கொழும்புக்குப் போகல. இப்ப ஒரு தந்தி குடுத்தா எறங்கித் திரும்பிருவான்."

அக்கா உறையை என் கையிலிருந்து வாங்கினாள். உள்ளங்கையில் வைத்து எடை பார்க்கிற மாதிரி சற்று நேரம் வைத்திருந்தாள். அவளுக்கும் அந்தத் தடித்த உறைப் பேச்சு தெரியும்.

"அவனுக்கு வந்தது. அவன்தான் பிரிக்கணும். தங்குற எடம் எழுதட்டும், அங்க அனுப்பிருவோம்," என்றாள். திரும்பவும் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மறுநாள் காலை ஆபீஸுக்குப் போகும் வழியில் பெரிய தபாலாபீஸில் நுழைந்தேன். கொழும்பில் கப்பல் கம்பெனி மூலமாக அவனுக்குத் தந்தி கொடுத்தேன். இடம் இல்லை. கொழும்பில் இறங்கு. திரும்பி வா. அடியில் என் பெயரைப் போடவில்லை. நான் சொன்னால் கேட்க மாட்டான், எனக்குக் கிடைக்காத வயிற்றெரிச்சல் என்பான் என்று நினைத்தேன். அக்கா என்று போட்டேன்.

நல்லதுக்குத்தான் செய்தேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பொய் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டிய வயசு வந்துவிட்டது. அந்த மெல்லிய உறையை அவன் தட்டுக்கு அடியில் பார்த்தபோது என் மனசில் ஒரு மூலையில் சந்தோஷம் இருந்தது. எனக்கு இல்லாதது அவனுக்கும் இல்லை என்று. அந்தச் சந்தோஷம்தான் அவ்வளவு வேகமாகத் தபாலாபீஸுக்கு நடந்தது.

அவன் கொழும்பில் இறங்கினான். திரும்பி வரவில்லை. அங்கேயே ஒரு தேயிலைக் கம்பெனியில் ஒட்டிக்கொண்டான். ஆபீஸ் விலாசத்துக்கு எனக்குக் கடிதம் போட்டான். ஊரில் தலைகாட்ட முடியாது, எல்லோரும் மாலை போட்டு அனுப்பினார்கள் என்று எழுதியிருந்தான். கடைசியில் இப்படி: "இடம் கிடைக்காததுகூடப் பரவாயில்லை. உலகத்தில் யார் கடிதத்தையும் தொடாதவள் என் கடிதத்தைப் பிரித்துவிட்டாள். என்னைக் குழந்தை என்று நினைத்துவிட்டாள். அவளுக்கு நான் எழுத மாட்டேன்."

அப்போதே ஒரு வரி எழுதியிருக்கலாம். தந்தி கொடுத்தது நான்தான் என்று. எழுதவில்லை. சாயங்காலம் போய், "சின்னவன் கொழும்புலயே எறங்கிட்டானாம்க்கா. வேல கெடைச்சிருச்சாம்," என்றேன்.

ஏன் என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை. "வெலாசம் இருந்தா குடு. கடுதாசிய அனுப்பணும்," என்றாள். உறை பிரியாமல் போய்ச் சேர்ந்தால் என் குட்டு உடைந்துவிடும். "நெலையான எடம் இல்லையாம்க்கா. ஊரு ஊராப் போற வேல," என்றேன். அவள் நம்பினாள். தினமும் அந்தத் தட்டைத் துடைப்பாள். உறையைத் தூக்கி, அலமாரியைத் துடைத்து, மறுபடியும் வைப்பாள். நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. கிள்ளான் பெரியப்பா இறந்தார். காரியத்துக்காகச் சின்னவன் வந்தான். காரியம் முடிந்த மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு வாசலில் நின்றான். மெலிந்திருந்தான். மற்றவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள், நான் மட்டும் பெஞ்சில் இருந்தேன்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "வா சின்னவனே. ஒக்காரு. சோறு போடறேன்."

அவன் உட்காரவில்லை. "எனக்கு வந்த கடுதாசிய நீ பிரிச்சயே, அதக் குடு. அத வாங்கத்தான் வந்தேன்."

அக்கா ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தாள். பிறகு அலமாரிக்குப் போனாள். தட்டைத் தூக்கி உறையை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோந்து ஒட்டியபடி இருந்தது. விரல் நகத்தால் ஓரத்தைத் தடவிப் பார்த்தான்.

"இது பிரிக்கவே இல்லையே."

"நான் எதுக்குப் பிரிக்கிறேன்?"

"அப்ப தந்தி? இடம் இல்ல, எறங்குன்னு கொழும்புக்குத் தந்தி வந்துச்சே. அடியில அக்கான்னு போட்டிருந்துச்சே. யாரு குடுத்தது?"

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். ரொம்ப நேரம்கூட இல்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திற, வாயைத் திற என்று உள்ளே ஒருவன் கத்தினான்.

"நான்தான் குடுக்கச் சொன்னேன்," என்றாள் அக்கா. "மெல்லிசா இருந்துச்சு. மெல்லிசா வந்தா இல்லன்னுதானே சொன்னீங்க ரெண்டு பேரும். அதான் பிரிக்காமயே குடுத்துட்டேன்."

அவன் உறையைக் கிழித்தான். ஒரே தாள். நின்றபடி படித்தான். முடித்ததும் முதலிலிருந்து மறுபடி படித்தான். பிறகு எங்களுக்காகத் தமிழில் சொன்னான், வார்த்தை வார்த்தையாக. உமக்கு இடம் வைத்திருக்கிறோம். பரீட்சைச் சர்டிபிகேட்டின் மூலத்தை எடுத்துக்கொண்டு அக்டோபர் முதல் வாரத்தில் நேரில் வரவும். மற்ற விவரங்கள் வந்தபின் தரப்படும்.

அவன் செய்யவேண்டியிருந்ததெல்லாம் கப்பலில் உட்கார்ந்திருப்பது ஒன்றுதான். சர்டிபிகேட் பெட்டிக்குள் இருந்தது.

அக்கா அவனைத் தொடப் போனாள். அவன் பின்னால் நகர்ந்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒனக்கு அவ்வளவு அவசரமா அக்கா?" என்றான். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். என் தோளில் கைவைத்து, "நீயாச்சும் அப்பப்ப எழுதுடா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அவள் "சாப்ட்டுப் போடா" என்று வாசல் வரை போய்ச் சொன்னாள். அவன் திரும்பவில்லை.

அவள் உள்ளே வந்து என் தட்டில் மோர் ஊற்றினாள். நான் அழ ஆரம்பித்தேன்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"என் மேல கோவம்னா எப்பவாச்சும் திரும்பி வருவான். கூடப் பொறந்தவ. ஒன் மேல கோவம்னா அவனுக்குன்னு ஒரு சிநேகிதன் இல்லாமப் போயிரும்." மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "சாப்புடு, ஆறிப்போச்சு," என்றாள்.

திட்டியிருக்கலாம். தட்டைப் பிடுங்கி வெளியே எறிந்திருக்கலாம். அதற்குப் பின்னும் அதே மாதிரி சோறு போட்டாள், அதே ரசம். என்னால்தான் தாங்க முடியவில்லை. கிள்ளானுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அங்கே கல்யாணம் செய்துகொண்டேன், குழந்தைகள் பிறந்தன. மாதம் ஒரு ஞாயிறு ரயிலேறி அக்காவைப் பார்க்க வருவேன். அந்த ஒன்றையாவது விடாமல் செய்தேன்.

சின்னவன் எனக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தான். மழை, சம்பளம், மேனேஜர், பிறகு பெண் பார்த்தது, பிறகு ஒரு மகன். அக்காவைப் பற்றி ஒரு வரி இருக்காது. வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நீட்டுவேன். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொள்வாள், ஆனால் வாங்க மாட்டாள்.

"ஒன் பேருக்கு வந்தது தம்பி. நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான்க்கா. பையன் பொறந்திருக்கான்."

"அது போதும்," என்பாள். என் கையிலிருக்கும் தாளை, எழுத்துத் தெரியாத தூரத்திலிருந்து, அவன் கை பட்டது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். நான் எப்படிப்பட்டவன் என்றால், அதைப் பார்த்த பிறகும் கிள்ளானுக்குத் திரும்பிப் போய் அவனுக்கு மழையைப் பற்றி எழுதினேன். பத்துத் தடவையாவது உண்மையை எழுதத் தொடங்கியிருப்பேன். அன்புள்ள நண்பனுக்கு என்பதற்கு மேல் பேனா நகராது. இருக்கிற ஒரே சிநேகிதனும் போய்விடுவானே என்ற பயம். அந்தச் சிநேகத்தை அவள் எனக்கு விட்டுக்கொடுத்தாள் என்பது தெரிந்தும் பயம்.

கடைசியில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. சாப்பாட்டு வீட்டை மூடிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஒரு ஞாயிறு நான் போனபோது பாயில் படுத்திருந்தாள். வழக்கமாகக் கேட்கிற எதையும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"தம்பி, அவனுக்கு எழுதிட்டியா?"

"போன வாரம்கூடப் போட்டேன்க்கா."

"அது இல்ல." மூச்சு வாங்கியது. "தந்தி விஷயம். நீயா எழுதிருவேன்னு இத்தன வருஷம் இருந்தேன். நாஞ் சொல்லக்கூடாது பாரு. அது ஒன் வாயால போகணும்."

அவள் என்னை மன்னித்துவிட்டாள், மறந்துவிட்டாள் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். காத்திருந்திருக்கிறாள். நானும் சின்னவனும் அந்தக் கல்லூரிக்காகக் காத்திருந்தோமே, அது ஒரு வருஷம்தான். இவள் என் ஒரு கடிதத்துக்காகப் பத்து வருஷத்துக்கு மேல், ஒரு தடவைகூடக் கேட்காமல் காத்திருந்திருக்கிறாள்.

"எழுதிட்டேன்க்கா," என்றேன். "எல்லாத்தையும் எழுதிட்டேன். பதில் வர வேண்டியதுதான்."

அவள் முகம் மலர்ந்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. எழுந்து உட்காரப் பார்த்தாள். அன்றைக்கே கிள்ளானுக்குப் போய் எழுதிவிடலாம், நாலு நாள் முன்னே பின்னே ஆனால் என்ன என்று எண்ணித்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். போய் உட்கார்ந்தேன். தாளை எடுத்தேன். மறுநாள் எழுதலாம் என்று மடித்து வைத்தேன்.

கொழும்புத் தபால் வருகிற நாளில் பாயை வாசலோரம் இழுத்துப் போடச் சொல்வாளாம். யாரிடமும் எதையும் கேட்காதவள் தபால்காரரைக் கூப்பிட்டு, எனக்கு ஏதாச்சும் இருக்கா என்று கேட்பாளாம். பக்கத்து வீட்டுப் பெண் ஆச்சரியமாக இதை என்னிடம் சொன்னாள். நாலு மாதம் அப்படிக் கேட்டிருக்கிறாள்.

நான் கடைசியாகப் போன அன்று அவளுக்குக் குரல் சரியாக எழும்பவில்லை. பக்கத்தில் குனியச் சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன் மேல கோவமா இருக்கான் போல. அதான் பதில் போடல," என்றாள். "நீ மனசு ஒடஞ்சிறாத தம்பி. உண்மைய எழுதிட்ட இல்ல, போதும். அவன் போடுவான்."

சரி அக்கா என்றேன்.